மீனம்பாக்கம் வரைக்கும்

துர்கா பேசிய தமிழைக் கேட்டு முதலில் சிரித்தவர் ஆட்டோக்காரர்தான். பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்ததும், "முதலியார்பேட்ட போவணும். மில்லாண்ட, சினிமா கொட்டாய்க்குப் பக்கத்துல எறக்கி உடுங்க" என்றாள். அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். கழுத்தோடு வெட்டிய தலைமுடி, ஜீன்ஸ், தோளில் கேமராப் பை, மடியில் மடக்கி வைத்த ஸ்டாண்டு.

"எங்கம்மா கத்துக்கினீங்க இந்தத் தமிழ? எங்க ஊட்டுக் கெழவி பேசற மாதிரியே இருக்குது."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஒன்பது வயதில் எடுத்துக்கொண்டு போன தமிழ் அது. பாரீஸின் வடக்குப் புறநகரில், அடுக்குமாடி வீட்டின் மேல்தளத்தில், அப்பாவோடும் அம்மாவோடும் மட்டுமே பேசிப் பேசி அப்படியே நின்றுவிட்டது. ஊர் தன் பாட்டுக்கு வேறு தமிழுக்குப் போய்விட்டிருந்தது. சினிமா கொட்டாயை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டி வெகு காலமாகிறது என்று ஆட்டோக்காரர் சொன்னார்.

அது 2007, பொங்கல் முடிந்த வாரம். ஊரின் பெயர்ப் பலகைகளில் பாண்டிச்சேரியை அழித்துப் புதுச்சேரி என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். வாயில் மட்டும் எல்லோருக்கும் பாண்டியாகவே இருந்தது.

துர்கா என்ன வேலை செய்கிறாள் என்பதை ஊரில் விளங்கவைப்பது கஷ்டம். சினிமாவா என்றால் இல்லை. டிவியா என்றாலும் இல்லை. ஒரு பெரிய கூடத்தை இருட்டாக்கி, சுவர்களில் பல திரைகள் கட்டி, ஒரே சமயத்தில் ஓடும்படி அவள் படங்கள் எடுத்தாள். பார்க்க வருபவர்கள் நடுவில் நடந்துகொண்டே பார்ப்பார்கள். ஊர் விட்டு ஊர் போனவர்களைத் தவிர வேறு யாரையும் அவள் எடுத்ததில்லை. தன் கட்டடத்தில் குடியிருந்த அல்ஜீரியக்காரர்கள், மாலிக்காரர்கள், சைகோனிலிருந்து வந்தவர்கள் என்று வருடக்கணக்காக எடுத்துவிட்டு, கடைசியில்தான் சொந்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அங்கே வாழ்கிற பாண்டிக்காரப் பெரியவர்களை உட்காரவைத்து அவள் கேட்டது ஒரே கேள்வி. ஊரைவிட்டுக் கிளம்பிய அன்றைக்குக் காலையில் என்ன நடந்தது? ஒருத்தர் காய்ச்சிய பாலை அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்ததைச் சொன்னார். ஒரு அம்மாள் வாசலில் கோலம் போட்டுவிட்டு அதை மிதிக்காமல் தாண்டிப் போனதைச் சொன்னார். அவர்கள் சொன்ன இடங்கள் இன்று எப்படி இருக்கின்றன என்று எடுத்துக்கொண்டு போகத்தான் துர்கா வந்திருந்தாள். வசந்த காலத்தில், பாரீஸ் புறநகரில் அவள் வசிக்கும் ஊர்க் கூடத்தில் கண்காட்சி.

அந்தப் பெரியவர்களில் அவள் அப்பா கோவிந்தராசுவும் ஒருத்தர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். இளவயதில் ஊரைவிட்டுப் போய், லீவில் வந்து கல்யாணம் செய்துகொண்டு, மறுபடி போய், பட்டாளத்தைவிட்டு வெளியே வந்ததும் அங்கேயே ஒரு வேலையைத் தேடிக்கொண்டு, 1979ல் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு போனவர். அம்மா தவறிய பிறகு அவர் தனியாக ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். கேமராவைப் பார்த்ததும் மடைதிறந்த மாதிரி பேசினார். மில் சங்கு எப்படி ஊதும் என்று வாயாலேயே ஊதிக் காட்டினார்.

துர்காவுக்கும் அந்தக் காலை நினைவிருந்தது. உயிர்காலேஜில் சிங்கம் பார்க்க மெட்ராஸுக்குப் போகிறோம் என்று சொல்லித்தான் அவளைக் கிளப்பினார்கள். வாசலில் இறங்கும்போது திரும்பி அத்தையைத் தேடினாள். அத்தை இல்லை. "மார்க்கெட்டுக்குப் போயிருக்கா" என்றார் அப்பா. சிங்கத்தைப் பார்க்கவே இல்லை. பம்பாய் வழியாகப் பாரீஸில் போய் இறங்கியபோது மழை பெய்துகொண்டிருந்தது.

அந்த அத்தையின் பெயர் ஆயம்மா. கோவிந்தராசுவின் ஒரே தங்கை. கல்யாணமாகி இரண்டு வருடத்துக்குள் புருஷனை இழந்து, கைக்குழந்தையோடு அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டாள். அந்தக் குழந்தைதான் அருள்முருகன். அவனுக்கு ஒரு வயது இருக்கும்போது துர்கா பிறந்தாள். துர்காவின் அம்மா பிள்ளை பெற்ற ஜுரத்தில் படுத்துவிட, மகனுக்கும் மருமகளுக்கும் ஆயம்மாவே பால் கொடுத்தாள். முறைப்பிள்ளைகள் என்று தெருவில் யாராவது கேலி பேசினால், "ரெண்டும் ஒரே பால் குடிச்சதுங்க, வாய மூடு" என்று விரட்டுவாள். துர்கா நடக்கப் பழகியதும், தூங்கியதும், பேன் பார்த்துக்கொண்டதும் அத்தையிடம்தான்.

போன புதிதில் கடிதம் வந்தது, போயிற்று. பிறகு சாவுச் செய்திக்கு மட்டும் போன் என்றாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் போகலாம் என்று நினைத்து நினைத்தே துர்காவுக்குத் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது.

அவர்கள் இருந்த வீட்டின் இடத்தில் இப்போது நீல வண்ணம் அடித்த மூன்று மாடி வீடு. துர்கா எதிர்ப்பக்கத்தில் ஸ்டாண்டை நிறுத்தி, அந்தச் சுவரையும் வாசலையும் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சேதராப்பட்டு ஃபேக்டரியின் சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். முன்மண்டையில் முடி ஏறியிருந்தது. ஆனால் அந்தக் காதுகளை எங்கே பார்த்தாலும் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

"முருகா!"

"செவுத்த ஏன் படம் புடிக்கற? நீ வந்திருக்கன்னு பழைய தெருக்காரங்க போன் பண்ணி சொன்னாங்க. அம்மா அங்க உன்னக் காணும் காணும்னு தெருமுனைல நிக்குது. ஏறு வண்டியில."

உழவர்கரையில், ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கும் காலனியில் அவன் குடும்பம் இருந்தது. அவன் சொன்னபடியே ஆயம்மா தெருமுனையில்தான் நின்றிருந்தாள். இளைத்து, முட்டி வலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து. வண்டியிலிருந்து இறங்கியவளைக் கட்டிப் பிடிக்கவில்லை, அழவில்லை. தலையில் கை வைத்து, வெட்டிய முடியின் நுனியைத் தடவிப் பார்த்தாள்.

"ஏண்டி இத்த வெட்டிக்கின? எவ்ளோ எண்ண வெச்சி வளத்த முடி."

"நான் வெட்டல அத்த. போன வருசம் அம்மா நெனப்பு வந்து, நானே ஒரு நாளு…" என்று துர்கா ஏதோ உளறினாள்.

"வெட்டலன்றா, நானேன்றா. வா, சோறு ஆறுது."

முருகனின் மனைவி கமலா சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்து, வெயில் தாழ்ந்த நேரத்தில், துர்கா தன் கேமராவை டிவியோடு ஒயர் போட்டு இணைத்தாள். அண்ணன் பேசுவதை அத்தைக்குக் காட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. பாரீஸில் புறப்படும்போதே அந்த டேப்பைத் தனியாகத் துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

திரையில் கோவிந்தராசு வந்தார். கம்பளித் தொப்பி, வெள்ளை மீசை, பின்னால் ஜன்னலில் சாம்பல் வானம்.

"அய்யய்ய, எங்க அப்பன் மாதிரியே ஆயிட்டாரே!" ஆயம்மா டிவிக்குக் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.

அவர் பேசப் பேச அவள் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். நாராயணசாமி டீக்கடை தெருவுக்கு வலது பக்கம் என்று அவர் சொன்னபோது, "வலதா? இந்தாண்ட பக்கம்டா சாமி, எடது!" என்றாள். கடற்கரையில் பழைய பாலத்தின் கம்பங்கள் மேல் நாரைகள் உட்காருவதைச் சொன்னபோது, "ஆமா ஆமா" என்று கையைத் தட்டினாள். கமலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிளம்பிய நாளுக்குப் பேச்சு வந்தது. விடிகாலையில் சங்கு ஊதியது, பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டியது, துர்காவின் அம்மா கனகாம்பரம் வைத்துக்கொண்டது, எல்லாவற்றையும் நேற்று நடந்தது போல் சொன்னார்.

அப்போது டேப்பில் துர்காவின் குரலே கேட்டது. "அன்னிக்கு ஊட்ல யார் யாரு இருந்தீங்கப்பா?"

"நானு, உங்கம்மா, நீ. வேற யாரு?" என்றார் கோவிந்தராசு. அடுத்ததாக பஸ்ஸைப் பற்றிப் பேசப் போய்விட்டார்.

ஆயம்மா பேசுவதை நிறுத்திவிட்டாள். பிறகு தரையில் கையை ஊன்றி எழுந்து சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். கமலா ரிமோட்டைத் தேடி ஒலியைக் குறைத்தாள்.

அந்த இடத்தைத் துர்கா எத்தனையோ முறை போட்டுப் பார்த்திருக்கிறாள். ஒலி சரியாக விழுந்திருக்கிறதா, பின்னால் லிஃப்ட் சத்தம் வருகிறதா என்று கவனித்தாளே தவிர, அப்பா சொன்ன அந்த மூன்று பேரை அவள் எண்ணிப் பார்க்கவில்லை.

முருகன்தான் முதலில் வாயைத் திறந்தான். அவன் குரல் தடித்திருந்தது. "மாமனுக்கு எங்க நெனப்பே இல்ல, பாத்தியா? நாங்க ரெண்டு பேரும் அந்த ஊட்லதான இருந்தோம். நான் காலையில பள்ளிக்கூடம் போனேன். திரும்பி வந்தா ஊடு தெறந்து கெடக்குது. நீயும் இல்ல, மாமியும் இல்ல, எங்கம்மாவும் இல்ல. பக்கத்து ஊட்டு அஞ்சலாட்சி அக்கா வந்து கூட்டிக்கினு போயி அவங்க ஊட்ல படுக்க வெச்சாங்க. மறுநாளு மத்தியானம்தான் அம்மா வந்திச்சி. எங்க போனன்னு கேட்டா இன்னி வரைக்கும் சொன்னதில்ல."

துர்கா எழுந்து சமையல்கட்டு வாசலுக்குப் போனாள். அத்தை கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"அத்த. அன்னிக்கு நீ எங்க போன?"

ஆயம்மா குழாயை மூடினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நிலைப்படியிலேயே உட்கார்ந்தாள்.

"மொத நாளே அண்ணன் என்னத் தனியா கூப்ட்டு சொல்லிச்சி. ஆயம்மா, நீ வாசல்ல நின்னா பாப்பா வண்டி ஏறமாட்டா, உன் முந்தானையப் புடிச்சிக்குவா, நீ காலையிலயே எங்கனா போயிடுன்னு. நானும் சரின்னுட்டேன். அது சொன்னதுல தப்பு இல்ல. நீ அப்பிடித்தான் புடிச்சிக்குவ. கூடைய எடுத்துக்கினு பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். கை கொள்ளாம கொத்தமல்லி வாங்கிட்டேன். எதுக்கு வாங்கனன்னு எனக்கே தெரில. அத்த வெச்சிக்கினு பூக்கடையாண்ட நின்னேன். அப்புறம் காலு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடிச்சி."

"அங்க வந்தியா?"

"நீங்க பஸ்ல ஏறி உக்காந்துட்டீங்க. நீ ஜன்னலோரம், பச்ச கவுனு. நான் டிக்கெட்டு கொடுக்கற எடத்துக்குப் பின்னால செவுத்தோட ஒட்டிக்கினு நின்னேன். எங்க நீ பாத்துடப்போறியோன்னு பயம். பாக்கமாட்டியான்னும் இருந்திச்சி. பஸ்ஸு போயிடிச்சி. பின்னாலயே மெட்ராஸ் பஸ்ஸு இன்னொண்ணு நின்னுச்சா, ஏறிட்டேன்."

முருகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "மெட்ராஸுக்கா?"

"ஏரோப்ளேன் நிக்கற எடத்துல எறக்கி உடுய்யான்னு கண்டக்டரக் கேட்டேன். மீனம்பாக்கத்துல ரோட்டு மேலயே எறக்கி உட்டாரு. உள்ள எப்பிடிப் போவறதுன்னு தெரில. வாசல்ல தொப்பி போட்டவன் நிக்கறான். கம்பி வேலி ஓரமாவே போயி ஒரு முள்ளு மரத்தாண்ட நின்னுட்டேன். கையில கொத்தமல்லி. ஒரு ஏரோப்ளேன் கெளம்பிச்சி. இதுல இருப்பாளோன்னு கைய ஆட்டினேன். கொஞ்ச நேரங்கழிச்சி இன்னொண்ணு. அதுக்கும் ஆட்டினேன். எதுல நீ இருக்கன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? கெளம்பனதுக்கெல்லாம் ஆட்டினேன்."

துர்கா கீழே உட்கார்ந்து அத்தையின் காலைப் பிடித்துக்கொண்டாள். ஆயம்மா அவளைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தாள்.

"இருட்டனப்பறம்தான் இவன் நெனப்பே வந்துது எனக்கு. பள்ளிக்கூடத்துலேருந்து புள்ள வந்திருக்குமே, சோறு தின்னுச்சோ இல்லியோன்னு. அதுக்கு மேல பஸ்ஸு இல்ல. பெத்தவ ஒரு நாளு பூரா பெத்த புள்ளய மறந்துட்டான்னு எப்பிடிடா உன்கிட்ட சொல்லுவேன்? அதான் சொல்லல."

டிவியில் கோவிந்தராசு ஒலியில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தார். முருகன் தன் உள்ளங்கையைப் பார்த்தபடி, "அஞ்சலாட்சி அக்கா ஊட்ல அன்னிக்குக் கருவாட்டுக் கொழம்பு. நல்லாத்தான் சாப்ட்டேன். வுடும்மா" என்றான். சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. ஆயம்மா அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்து, அந்தக் கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டாள்.

மறுநாள் துர்கா எங்கேயும் போகவில்லை. எடுக்க வேண்டிய இடங்கள் நிறைய இருந்தன. பால் காய்ந்த வீடு, கோலம் போட்ட வாசல், யாரோ ஏறிய ரயிலடி. கேமராவை எடுக்கவே கை வரவில்லை. வாசலில் உட்கார்ந்து கமலாவோடு முருங்கைக்கீரை ஆய்ந்தாள். போனவர்களிடமே கேட்டுக்கொண்டிருந்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. அவர்கள் சொன்ன வாசல்களில் எல்லாம் யாரோ ஒருவர் நின்றிருக்க வேண்டும், அல்லது நிற்க முடியாமல் எங்கேயோ போயிருக்க வேண்டும். அவர்களைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பாலை அடுப்பில் விட்டுவிட்டு வந்தேன் என்றவரிடம், அந்தப் பாலை இறக்கி வைத்தது யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

கீரையை ஆய்ந்து முடித்தபோது அத்தையிடம் கேட்டாள். "அத்த, மீனம்பாக்கத்துக்கு என்ன இட்டுக்கினு போறியா? நீ நின்ன எடத்தப் பாக்கணும். நான் அத்தப் படம் எடுக்கட்டா?"

ஆயம்மா யோசித்தாள். "என்ன எடுத்து யாருக்குக் காட்டுவ?"

"அப்பாவுக்கு. அப்புறம் அங்க இருக்கறவங்களுக்கு எல்லாம்."

"அப்ப நல்ல பொடவையா கட்டிக்கறேன்" என்றாள்.

முருகன் லீவு சொல்லிவிட்டு வந்தான். "இந்தத் தடவ என்னயும் இட்டுக்கினு போ" என்றான். சிரிப்பதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. கமலா எலுமிச்சம்பழச் சோறு கட்டிக் கொடுத்தாள்.

மூவரும் திண்டிவனம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினார்கள். கடற்கரைச் சாலையில் போனால் சீக்கிரம் போகலாம் என்று முருகன் சொன்னதற்கு, அன்றைக்கு அந்த ரோடு ஏது என்று அத்தை அடக்கிவிட்டாள். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். துர்கா எதிர் சீட்டில் முட்டி இடிக்க உட்கார்ந்து எடுத்தாள். கேமரா இருப்பதை ஆயம்மா முதல் பத்து நிமிஷத்துக்கு மறக்கவில்லை. பிறகு அடியோடு மறந்துவிட்டாள். புளியமரங்களை வெட்டிவிட்டார்களே என்று அங்கலாய்த்தாள். மதுராந்தகம் ஏரி நிரம்பியிருந்ததைப் பார்த்து சந்தோஷப்பட்டாள். அண்ணன் போன பிறகு தான் எப்படிப் பிழைத்தாள் என்று, யாரும் கேட்காமலேயே சொல்லிக்கொண்டு வந்தாள். பெரிய மார்க்கெட்டில் காய்கறிக் கூடை வைத்து உட்கார்ந்தது, முருகனை ஐ.டி.ஐ. படிக்கவைத்தது, வாடகை வீடு மாறி மாறிக் கடைசியில் உழவர்கரைக்கு வந்து சேர்ந்தது. "எத்தினி ஊடு மாறனோம்! ஒவ்வொரு ஊட்லயும் அக்கம்பக்கத்துல சொல்லி வெச்சிட்டுதான் வருவேன். வெளிநாட்லேருந்து ஒரு பொண்ணு தேடிக்கினு வந்தா இந்த எடத்துல இருக்கோம்னு சொல்லுங்கன்னு."

துர்கா கேமராவின் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அத்தையின் முகம் அதில் கலங்கித் தெரிந்தது. ஃபோகஸ் சரியாகத்தான் இருந்தது.

மீனம்பாக்கத்தில் முள்மரமும் இல்லை, கம்பி வேலியும் இல்லை. உயரமான மதில், மேம்பால வேலை, கார்களின் வரிசை. ஆயம்மா இங்கேயும் அங்கேயும் நடந்து பார்த்தாள். "இங்கதான்… இல்ல, இன்னும் அந்தாண்டயோ…" ஒரு போலீஸ்காரர் வந்து, இங்கே கேமரா எடுக்கக் கூடாது என்றார். துர்கா உடனே பைக்குள் வைத்துவிட்டாள். ரோட்டைக் கடந்து திரிசூலம் ரயில் நிலையத்துப் பக்கம் போனார்கள். அங்கே, மலையடிவாரத்தில் ஒரு டீக்கடை நிழலில் உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சோற்றைப் பிரித்தார்கள்.

பாதிச் சாப்பாட்டில் பெரிய சத்தத்தோடு ஒரு விமானம் மதிலுக்கு மேலே எழும்பியது. துர்கா எச்சில் கையோடு கேமராவை எடுத்து, டீக்கடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அத்தையின் முகத்தை மட்டும் எடுத்தாள். ஆயம்மா நெற்றியில் கை வைத்து மேலே பார்த்தாள். அவள் கையை அசைக்கவில்லை. பக்கத்திலிருந்த முருகன் அசைத்தான். சோற்றுப் பருக்கை ஒட்டிய கையை, பத்து வயதுப் பையன் மாதிரி, தலைக்கு மேலே தூக்கி வேகமாக அசைத்தான்.

"அதுல யார்றா இருக்காங்க, உனக்குத் தெரிஞ்சவங்க?" என்றாள் ஆயம்மா.

"யாரோ. போறாங்க இல்ல?"

ஆயம்மா அவனைப் பார்த்தாள். பிறகு அவளும் கையைத் தூக்கினாள்.

இரண்டு நாள் கழித்து துர்கா அப்பாவுக்குப் போன் போட்டாள். நடந்ததை எல்லாம் சொன்னாள்.

"மீனம்பாக்கத்துக்கா வந்தா? ஒண்டியாவா?"

"ஆமாப்பா."

"நாங்க வெளியிலயே ரொம்ப நேரம் நின்னுக்கினு இருந்தோம்மா. உள்ள உட நேரமாச்சி. கொஞ்சம் அந்தாண்ட நடந்து போயிருந்தா பாத்திருப்பேனோ என்னமோ."

பிறகு அவரே சொன்னார். "அவ பேரு என் வாயில வராதும்மா. அத்தச் சொல்லிட்டா அதுக்கு மேல ஒண்ணும் பேச முடியாது. நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லணும்ல. அதான் அவள உட்டுட்டு சொன்னேன். உங்கம்மா இருந்தவரைக்கும் ஊட்ல நாங்க ரெண்டு பேரும் அப்பிடித்தான் பேசிக்குவோம்."

பக்கத்தில் நின்றிருந்த ஆயம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "ண்ணா! நாராயணசாமி கட எடது பக்கம். வலதுன்னு சொல்லியிருக்க" என்று எடுத்ததும் சண்டைக்குப் போனாள். அந்தப் பக்கத்திலிருந்து என்ன வந்ததோ, "சரி, அழுவாத. தொப்பி போட்டுக்கினு இருக்கியே, குளுருதா அங்க? என்ன சாப்ட்ட? நீயேவா சமைக்கற?" என்று தணிந்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். துர்கா கூடவே போகவில்லை. துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து அவள் பேசிக்கொண்டே இருப்பது கதவு வழியாகத் தெரிந்தது.

மிச்ச நாட்களில் துர்கா சுவர்களை எடுக்கவில்லை. அந்தப் பெரியவர்கள் விட்டுவிட்டு வந்தவர்களைத் தேடிப் போனாள். சிலர் இறந்துபோயிருந்தார்கள். ஒருத்தர் கதவைத் திறக்க மறுத்துவிட்டார். பாலை இறக்கி வைத்தது பக்கத்து வீட்டுச் சின்னப்பாப்பா என்று தெரிந்தது. "காஞ்சி போன பாலு. ஆனாலும் காப்பி போட்டுக் குடிச்சேன், என்ன இப்ப?" என்று அந்த அம்மாள் கேமராவைப் பார்த்துச் சொன்னார்.

வசந்த காலத்தில் கண்காட்சி நடந்தது. சுற்றிலும் போனவர்கள் பேசினார்கள். நடுவில் ஒரு பெரிய திரையில், டீக்கடை நிழலில் ஆயம்மா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோவிந்தராசு ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கி அதன் முன்னால் போட்டு உட்கார்ந்தார். கூடம் மூடுகிற நேரம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. வெளியே வந்து மகள் கையைப் பிடித்துப் படி இறங்கும்போது, "எனக்கு டிக்கெட்டு போடு" என்றார்.

மழைக்காலம் முடிந்து டிசம்பரில் அவர் உழவர்கரைக்குப் போய்ச் சேர்ந்தார். செலவுக்காகத் துர்கா பாடம் நடத்திவந்த பள்ளியில் வகுப்புகள் இருந்ததால் அவளால் கூடப் போக முடியவில்லை. சனிக்கிழமைதோறும் போன் செய்தாள். எடுப்பது எப்போதும் அத்தைதான், பேசுவது எப்போதும் புகார்தான்.

"உங்கப்பன வெச்சிக்கினு என்னால முடியலடி. காலையில பீச்சுக்கு நடக்கப் போறாரு. வெள்ளக்காரங்க யாரப் பாத்தாலும் பிரெஞ்சுல பேசி கூடவே இட்டுக்கினு வந்துடறாரு. நேத்து ரெண்டு பேரு. தோச சுடச் சொல்றாரு, காரம் கம்மியா வேணுமாம். கமலா உள்ள ஓடி ஒளிஞ்சிக்கினா. நான்தான் சுட்டேன். அந்தப் பொண்ணு ஏழு தோச சாப்ட்டுது, பாவம், எத்தினி நாளு பட்டினியோ…" உள்ளேயிருந்து ஏதோ குரல் கேட்டது. "இரு, கூப்பிடறாரு. கண்ணாடியக் காணுமாம். தலை மேலயே இருக்கும்" என்று போனை எங்கேயோ வைத்துவிட்டுப் போனாள்.

துர்கா தன் சமையலறையில் நின்றபடி காதோடு வைத்திருந்தாள். குக்கர் விசில் அடித்தது. முருகன் வண்டியை உள்ளே ஏற்றுகிற சத்தம். டிவியில் யாரோ செய்தி வாசித்தார்கள். கண்ணாடி எங்கே என்று அண்ணனும் தங்கையும் வெகுநேரம் சண்டை போட்டார்கள். அத்தை போனை வைத்ததையே மறந்துவிட்டாள் போலிருந்தது. துர்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.